கைவிடப்பட்ட காரீயச் சுரங்கங்களை அளவையிடல் (இலங்கை)

பழைய காரீய (கிராபைட்) குழிகள் இருந்த காணியில் புதிய சுரங்கமோ கட்டடமோ வீதியோ அமைக்குமுன், நிலத்தடியில் எஞ்சியிருக்கும் கிணறுகளையும் சுரங்கப் பாதைகளையும் தேடி வரைபடத்தில் குறிக்கும் பணி. இதற்கான தேவை குருநாகல், கேகாலை தொடக்கம் தென்மேற்கே களுத்துறை வரையான பகுதிகளிலேயே மிகுதி.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கைக் காரீயத்தின் ஏற்றுமதி தொடங்கியது. உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய அது பெரிதும் விரும்பப்பட்டது. முதலாம் உலகப் போரின் நடுவே, 1916இல், ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. போர் முடிந்ததும் சந்தை சரிந்தது. தோண்டியவர்களில் பலர் சிறு காணிக்காரரும் குத்தகைக்காரருமே. பாறையில் காரீயம் படிந்த நாளம் போன வழியே குழியும் போயிற்று. காட்டுத் தடியில் ஏணி கட்டி இறங்கினார்கள். கயிற்றுருளையால் காரீயத்தை மேலே இழுத்தார்கள். ஊற்றுநீரை இறைத்து முடியாத ஆழம் வந்ததும் அந்தக் குழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வேறொன்றைத் தொடங்கினார்கள். பிரித்தானியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டங்கள் கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்கச் செய்தன. இங்கே பெரும்பாலான குழிகளுக்கு ஒப்படைக்க வரைபடமே இருக்கவில்லை.

இலங்கைக் காரீயத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக அவரைக் கொண்டாடும் நாம், அவர் புவிச்சரிதவியலாளராகத் தொடங்கியவர் என்பதை மறந்துவிடுகிறோம். இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிய அவரது கட்டுரை 1900இல் இலண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் இதழில் வந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளராக இருந்தார். அவருடைய அக்கறை கனியம் எங்கே, எப்படி உருவானது என்பதில் இருந்தது. வெறுமையாகிவிட்ட குழியைத் தேடும் தேவை பிற்காலத்தது.

இன்றைய அளவை காலால் நடந்தே தொடங்குகிறது. கழிவுக்கல் மேடு, வட்டமான பள்ளம், ஒரே கோட்டில் அமைந்த தாழ்வுகள், ஊர் மூத்தவர்களின் நினைவு ஆகியவை முதற் சான்றுகள். அடுத்து மின்தடை அளவீடு. காரீயப் பகுதியில் இதுதான் ஏமாற்றும். காற்று நிரம்பிய வெற்றிடம் மின்தடை கூடியதாகத் தெரியும்; நீர் நிரம்பியது தடை குறைந்ததாகத் தெரியும். காரீயமோ தானே மின்னை நன்கு கடத்துவது. ஆகவே தடை குறைந்த இடத்தில் இருப்பது நீர் நின்ற பழைய பாதையா, தொடப்படாத நாளமா என்று கருவியால் மட்டும் தீர்மானிக்க முடியாது. புவியீர்ப்பின் மிகச் சிறு வேறுபாடுகளை அளக்கும் நுண்ணீர்ப்பு அளவீடு கைகொடுக்கலாம். ஐயம் தீர்ப்பது துளையிடல்தான். கிணற்றினுள் இறங்குமுன் ஒட்சிசனின் அளவைப் பார்ப்பது கட்டாயம்.

பெரிய சுரங்கங்களின் கதை வேறு. 1971இல் அரசுடைமையான போகல, கஹட்டகஹ, கொலங்கஹ ஆகியவற்றின் தளங்கள் அளந்து பெயரிடப்பட்டவை. போகலவில் அந்த ஆழக் கணக்கு பாகம் (fathom) என்ற அளவில். கஹட்டகஹ ஏறத்தாழ 600 மீற்றர் ஆழம் கொண்டது. மின்கலத் தேவையால் காரீயத்துக்கு மறுபடி கிராக்கி வந்தபோது, 2010களில் வெளிநாட்டு நிறுவனங்கள் பழைய குழிகளின் நீரை இறைத்து, நாளங்களை மீண்டும் அளந்து, துளையிட்டன. முன்னோர் விட்டுப்போன குழியே நாளத்தின் திசையைக் காட்டும் அடையாளமாயிற்று.

பழைய குழிகளின் சிக்கல் காரீயத்தோடு முடிவதில்லை. 1990களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட இலங்கைப் பாறைப் பிரிவுகளில் ஒன்று வன்னித் தொகுதி. கஹட்டகஹ அதன் எல்லையை அண்டியது. வவுனியா அதன் உள்ளே இருப்பது. ஆயினும் வவுனியாவில் அளவைக்கு உரியவை காரீயக் கிணறுகள் அல்ல. கல்லுடைத்த குவாரிகளும் கிரவல் குழிகளுமே. திறந்த குழி கண்ணுக்குத் தெரியும், வேலி போடலாம். மண்ணும் குப்பையும் கொட்டி நிரவிய குழி தெரியாது. அதன்மேல் எழுப்பிய வீட்டின் சுவர், மழைக்குப் பின் நிலம் அமர வெடிக்கக்கூடும். அத்திவாரத்துக்கு முன் சோதனைக் குழி வெட்டி இயற்கை மண் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது மலிவான வழி. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தோண்டியவரே நிலத்தைச் சீர்செய்ய வேண்டும். சட்டத்துக்கு முந்திய குழிகளுக்கு அப்படிப் பொறுப்பாளர் இல்லாததால், அவற்றைத் தேடும் செலவு காணியை இப்போது வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.