கோடு போட்டது யார்?



சாதி பழையது, அரசு புதியது, பழையதை ஒழிக்கப் புதியது பாடுபடுகிறது. பள்ளிப் பாடம் முதல் தேர்தல் மேடை வரை நமக்குச் சொல்லப்படும் கதை இதுதான். இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்தக் கதையை அரசின் ஆணைகளையும் பதிவேடுகளையும் கொண்டே சோதித்துப் பார்க்கிறோம். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அனுமந்தையில் நின்று பார்த்தாலே போதும்.

காரில் போகிறவர்களுக்கு அனுமந்தை என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு சுங்கச்சாவடி. நமக்கு அது மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரை. கிழக்கே கடல், மேற்கே கழுவெளி, வடக்கே உப்பளம். அளத்தில் உப்பு வாருகிறவர்களில் நம் மக்கள் உண்டு, வன்னியர் உண்டு. ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி மூழ்கும், இருவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. உழைப்பால் ஒன்றாக நிற்க வேண்டியவர்கள் ஊரென்றும் சேரியென்றும் நிற்கிறார்கள். நடுவில் கோடு போட்டது பழைய வழக்கம் மட்டும்தானா?

முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். வறுமையைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை, அந்த வறுமை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதையும் சொன்னார். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனுப் போட எவருக்கும் உரிமை உண்டு என்பது பேச்சு. மிராசுதாருக்கே முன்னுரிமை என்பது விதி. நம் பூட்டன் ஒருவர் மனுப் போட்டால், அந்த மனுவே மிராசுதாரை எழுப்பிவிடும். அவர் வந்து தனக்கு வேண்டும் என்றால் நிலம் அவருக்கு. குடியிருந்த மனையும் நம்முடையதல்ல. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம்.

நிலமற்ற சாதி என்று ஒன்று தானாக உண்டாகவில்லை. நிலம் பெற முடியாதபடி விதி செய்யப்பட்ட சாதிதான் இருந்தது. தீர்வையைத் தடையின்றி வசூலிக்க வெள்ளையர் அரசுக்கு மிராசுதார் தேவைப்பட்டார். மிராசுதாருக்கு ஓடிப்போக முடியாத ஆள் தேவைப்பட்டது. இருவருக்கும் தோதான விதி அது.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்தது அரசாணை 1010. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு மூலம் அதுதான். பத்தாண்டுகளுக்கு நிலத்தை யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம், மீறினால் அந்த மாற்றம் செல்லாது என்பவை நிபந்தனைகள். இது ஒரு வெள்ளை அதிகாரியின் இரக்கத்தால் மட்டும் வந்ததல்ல. அதே 1891இல் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். கேட்கும் குரல் பலமாக இருந்த காலம் அது.

மாகாணம் முழுவதும் இப்படி வழங்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மீட்பு இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அது எப்படிக் கைமாறியது? கடனுக்குப் பதில் கைநாட்டு, கைநாட்டுக்குப் பின் கிரயம். விற்பனை செல்லாது என்று சொன்னதும் அரசு, விற்பனைப் பத்திரத்தைப் பதிந்ததும் அரசு, பட்டாவைப் பெயர் மாற்றிக் கொடுத்ததும் அரசு. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். நிலப் பதிவேட்டுத் திருத்தத்தில், பழைய பதிவேட்டில் நிபந்தனை நிலம் என்று இருந்த குறிப்பு பல ஊர்களில் காணாமல் போனது. கலப்பை பிடித்து யாரும் உழவில்லை, பேனா பிடித்தே உழுதார்கள். அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கி வெடித்தது. காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். ஆணை பிறந்து நூற்றிரண்டு ஆண்டு கழித்து, அந்த ஆணையை நிறைவேற்றச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

அடுத்தது வீடு. 1920 வாக்கில் தொழிலாளர் துறை நமக்கு மனை வாங்கித் தரத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் அரிசன நலத்துறை, பிறகு ஆதிதிராவிடர் நலத்துறை. 1978இல் அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கவே தனிச்சட்டம் வந்தது. மனை தேவைதான், கிடைத்ததற்காகப் போராடியவர்களை வணங்குகிறோம். ஆனால் மனை எங்கே கிடைத்தது? எதிர்ப்பு எங்கே குறைவோ அங்கே. ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்குக் கீழே, சாலைக்கு அந்தப் பக்கம். பழைய சேரிக்குக் கான்கிரீட் கூரை போட்டுக் காலனி என்று பலகை வைத்தார்கள். தனித் தொட்டி, தனிச் சுடுகாடு, அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு. வழக்கம் போட்ட கோட்டை அரசு செங்கல் வைத்துக் கட்டியது.

வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் நூறு வீட்டுக்கு நாற்பது நமக்கு, மற்றவை பிற சாதியினருக்கு, ஒரே தெருவில். அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அது தனித் திட்டமாகவே நின்றது, வீட்டுவசதிக் கொள்கையின் பொதுவிதி ஆகவில்லை. 2025 ஏப்ரல் 29இல் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். பலகை மாறியதும் பாதை மாற வேண்டும்.

மூன்றாவது, பட்டியல். 1987 செப்டம்பரில் வன்னியர் ஒரு வாரச் சாலை மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டது கல்வியிலும் வேலையிலும் பங்கு, நியாயமான கோரிக்கை. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு வந்தது. ஆனால் அந்த மறியலில் நம் குடிசைகள் எரிந்தன. கேட்டது அரசிடம், எரிந்தது சேரி. 2013 ஏப்ரல் 25இல் மாமல்லபுரம் மாநாட்டுக்கு வண்டிகள் போன நாளில், மரக்காணம் கட்டையன் தெருவில் மறுபடி நம் வீடுகள் எரிந்தன. ஏன் சேரி எரிகிறது? பங்கு போதவில்லை என்ற கோபத்தை மேலே திருப்பாமல் பக்கத்தில் திருப்புவது அரசியலுக்கு எளிது. பங்கைத் தனித்தனி வரிசையில் நின்று வாங்கச் சொல்லும் அரசு, மொத்தப் பங்கே ஏன் சிறியது என்று கேட்க விடுவதில்லை. இட ஒதுக்கீட்டை நாம் குறை சொல்லவில்லை, அது நம் உயிர்மூச்சு. நிலத்தையும் முதலையும் தொடாமல் ஒதுக்கீட்டை மட்டும் நீட்டினால், ஏழைகள் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. அமெரிக்காவில் 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் கறுப்பர் குடியிருப்புகளைச் சிவப்பு மையால் குறித்தது. அப்படிப்பட்ட பகுதிகளுக்கு வீட்டுக்கடன் எட்டாக்கனியானது. கறுப்பர் சேர்ந்து வாழ்வது அவர்கள் பழக்கம் என்று பின்னாளில் பேசினார்கள். கோட்டை மறைத்துவிட்டுக் குணத்தைப் பேசுவது எங்கும் ஒரே முறைதான்.

உப்பளத்திலும் இதே கதை. 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதை நாடு கொண்டாடுகிறது. 1947இல் உப்பு வரி போயிற்று. ஆனால் அளம் யாருக்கு என்ற கேள்வி எழவே இல்லை. அரசு நிலமே குத்தகைக்குப் போகிறது, அதில் வெயிலில் நிற்பவர் கூலியாகவே இருக்கிறார்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, ஒவ்வொரு ஊரிலும் யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டை இன்றைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, நிபந்தனை நிலங்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு, இனி அரசுப் பணத்தில் கட்டும் எந்தக் குடியிருப்பும் ஒரு சாதிக்கென ஊருக்கு வெளியே அமையக் கூடாது. மூன்று, அரசு உப்பள நிலத்தின் குத்தகையில் அங்கே உழைப்பவர்களின் கூட்டுறவுக்கே முதல் உரிமை. அதில் நம் மக்களும் வன்னியரும் ஒரே உறுப்பினர் பதிவேட்டில் இருக்கட்டும். அன்று மிராசுதாருக்கு முன்னுரிமை எழுதிய அரசின் கை, இன்று உழைப்பவருக்கு எழுதட்டும்.

வரும் கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுபோவோம். எழுத மறுத்தால், மறுத்ததையும் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு வருவோம்.

ஜெய்பீம்.