பேச்சே அளவுகோலாக: ஆக்லாந்து மலைப்பாதையில் ஒரு பயிற்சி வரலாறு

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் என்றதும் இந்திய நினைவில் எழுவது மில்கா சிங் ஒருவரே. செப்டம்பர் 6 அன்று 400 மீட்டர் இறுதிப் போட்டியில் நான்காம் இடம். நூலிழையில் நழுவிய பதக்கம். அதே ஓடுகளத்தில் அதற்கு நான்கு நாள் முன்னர் நிகழ்ந்தது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. செப்டம்பர் 2 அன்று, 21 வயதுப் பீட்டர் ஸ்னெல், உலக சாதனையாளரான பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸை முந்தி 800 மீட்டரை 1 நிமிடம் 46.3 வினாடியில் கடந்து தங்கம் வென்றார். ஒரு மணி நேரத்துக்குள் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரில் இன்னொரு தங்கம் வென்றார். இளமையில் ரக்பி ஆட்டத்தில் நேர்ந்த காயத்தால் இடக்கை சூம்பிப்போனவர் அவர். எட்டு நாள் கழித்து, எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்ற மாரத்தானில் பாரி மேகீ மூன்றாவதாக வந்தார். மூவரும் நியூசிலாந்தினர். அதைவிட வியப்பு, மூவரும் ஆக்லாந்து நகரில் ஒரே பயிற்சியாளரின் கீழ் ஒரே மலைப்பாதையில் ஓடிப் பழகியவர்கள் என்பது.

800 மீட்டர் ஓடுபவரும் மாரத்தான் ஓடுபவரும் ஒன்றாகப் பயிற்சி பெறுவது அன்றைய அறிவுக்குப் பொருந்தாத செயல். 1930களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஃபிரைபுர்கில் பயிற்சியாளர் கெர்ஷ்லரும் மருத்துவர் ரைண்டலும் உருவாக்கிய இடைவேளைப் பயிற்சியே அப்போது அறிவியல் எனக் கொள்ளப்பட்டது. குறுந்தொலைவை விரைந்து ஓடுவது, நாடித்துடிப்பு 180இலிருந்து 120க்கு இறங்கும்வரை ஓய்வது, மீண்டும் ஓடுவது. இம்முறையில் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரில் 1 நிமிடம் 46.6 வினாடி என்ற உலக சாதனையை நிறுவினார். செக் நாட்டின் எமில் ஜாடோபெக் ராணுவக் காலணியுடன் 400 மீட்டர்களைத் திரும்பத் திரும்ப ஓடி, 1952 ஹெல்சிங்கியில் மூன்று தங்கம் வென்றார். ஓடுகளம், கடிகாரம், நாடி: இவை போதும். பக்கத்தில் ஓர் ஆள் ஓடவேண்டிய தேவை இம்முறைக்கு இல்லை.

ஆர்தர் லிடியார்ட் இந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர். 1917இல் பிறந்தவர், காலணித் தொழிற்சாலைப் பணியாளர், ஒரு காலகட்டத்தில் பால் விநியோகமும் செய்தவர். ரக்பி ஆடிவந்ததால் தம்மை உடல்வலிமை உள்ளவராகவே எண்ணியிருந்தார். 1940களின் நடுவில், தம்மினும் மூத்த ஜாக் டோலன் என்பவருடன் ஐந்து மைல் ஓடச் சென்று மூச்சு முட்டித் திரும்பியபோது அந்த எண்ணம் உடைந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய ஒரு பயிற்சி முறையின் பிறப்பிடம், உடன் ஓடியவர் ஒருவருக்கு ஈடுகொடுக்க இயலாமற்போன அந்த நாள்தான்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் தம் உடலையே சோதனைக்கூடம் ஆக்கினார். வாரத்துக்கு 250 மைல் வரை ஓடிப்பார்த்து, ஏறத்தாழ 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், என்ற அளவில் நிலைகொண்டார். அக்கம்பக்கத்து இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். அனைவரும் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தவர்கள். ஓட்டம் விடிகாலைக்கும் மாலைக்கும் உரியது. ஞாயிற்றுக்கிழமைக்கோ நகரின் மேற்கே வைட்டாகெரே மலைத்தொடரில் ஏறி இறங்கும் வையடருவா சுற்று, 22 மைல்.

மொழியியல் பயில்வோர் நின்று கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. எவ்வளவு வேகம் பொருத்தமானது என்று எளிய மக்களுக்கு விளக்க லிடியார்ட் கையாண்ட அளவுகோல் பேச்சு. உடன் ஓடுபவரோடு உரையாட முடிகிறதா? அதுவே சரியான வேகம். பேச்சு என்பது நீட்டிக்கப்பட்ட வெளிமூச்சு. ஓட்டம் மிகும்போது உடல் அம்மூச்சைத் தனக்கெனக் கேட்கிறது. முதலில் தொடர்கள் குறுகும். பின்னர் இலக்கணம் இடந்தராத இடங்களில் சொற்கள் முறியும். இறுதியில் ஓரசை விடை மட்டும் எஞ்சும். கெர்ஷ்லர் நாடியில் எண்ணியதை இவர் வாக்கியத்தின் நீளத்தில் அளந்தார் எனலாம். ஆனால் நாடியைத் தனியே பார்த்துக்கொள்ளலாம். உரையாடலுக்கு இன்னொருவர் வேண்டும்.

இதை வைத்து, அவர்கள் கதை பேசியபடி மெல்ல ஓடினர் என்று கருதிவிடக் கூடாது. அப்பிழை அன்றே தோன்றியது. நெடுந்தொலைவு மெதுவோட்டம் என்ற முத்திரையைத் தம் முறைமீது குத்துவதை லிடியார்ட் ஏற்கவில்லை. பேச்சு அளவுகோல் தொடக்கநிலையினருக்கானது. ஸ்னெல்லும் ஹால்பர்க்கும் மலையேறிய வேகத்தில் பிறர் வாய் திறந்திருக்க முடியாது. மாதக்கணக்கில் இவ்வாறு அடித்தளம் இட்ட பிறகு மேட்டுப் பயிற்சி, அதன்பின்னரே ஓடுகளத்து விரைவோட்டம் என்பது அவர் வகுத்த வரிசை.

இக்குழுவின் வரலாறு பெரும்பாலும் பதக்கப் பட்டியலாகவே எழுதப்படுகிறது; அது குறையான வரலாறு. பில் பெய்லி 1964 டோக்கியோவில் 5000 மீட்டரில் ஆறாவதாக வந்தார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் வென்றவர்கள் ஒவ்வொரு வாரமும் ஈடுகொடுக்கவேண்டியிருந்தது அவரைப் போன்றவர்களுக்குத்தான். 1963இல் ஆக்லாந்தில் அவர் ஒரு மணி நேரத்தில் 20,190 மீட்டர் ஓடினார். 1951இல் 20,052 மீட்டர் ஓடி உலகை வியக்கவைத்தவர் ஜாடோபெக். அவரது சாதனையைக் கடந்தவர், ஒலிம்பிக் மேடை ஏறாத ஒரு சக ஓட்டக்காரர்.

1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுவயதினருக்கும் இதய நோயாளிகளுக்குமான மெல்லோட்டக் கழகம் உருவானது. 1962 இறுதியில் அங்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், ஓட்டத்தில் சேர்ந்துகொண்டு சிறிது தொலைவிலேயே திணறினார். எழுபதைக் கடந்த, மாரடைப்புக் கண்ட முதியவர் ஒருவர் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக வந்தாராம். ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவருக்கு இது எளிதில் மறக்கக்கூடிய அனுபவமா? பவர்மன் ஊர் திரும்பியதும் மக்களைத் திரட்டி ஓடவைத்தார்; ஜாகிங் என்ற பழைய ஆங்கிலச் சொல் அமெரிக்காவில் புதுப்பொருளுடன் பரவியதில் அவர் பங்கு பெரிது.

ஸ்னெல் டோக்கியோவில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்று ஓய்வுபெற்ற பின், அமெரிக்காவில் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளரானார். நீண்ட ஓட்டத்தில் மெதுவிசைத் தசை இழைகளின் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்ததும் விரைவிசை இழைகள் பணிக்கு அழைக்கப்படுகின்றன. அவையும் தாங்குதிறன் பெறுகின்றன என்று விளக்கினார். 800 மீட்டர்க்காரர் 22 மைல் ஓடியதற்கான காரணம், ஓடியவராலேயே இவ்வாறு கூறப்பட்டது.

உடன் ஓடுவோர் யார் என்ற வரையறை அப்போதும் குறுகலாகவே இருந்தது. பெண்களுக்கான 800 மீட்டர் 1928க்குப் பின் முதன்முறையாக ரோமில்தான் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. அதற்கு மேற்பட்ட தொலைவு அவர்களால் இயலாது என்பதே அமைப்பாளர்களின் எண்ணம். 1964இல் அதே ஆக்லாந்தில் மில்லி சாம்ப்சன் மாரத்தானை 3 மணி 19 நிமிடம் 33 வினாடியில் ஓடி முடித்தார். பெண்களில் அன்று உலகிலேயே அதுதான் சிறந்த நேரம். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் இடம்பெற்றது 1984இல்.