எந்த வருஷத்து புல்லட்?

விற்கிறவர் "அறுபத்தஞ்சு மாடல் சார், எல்லாம் ஒரிஜினல்" என்பார். ஆர்.சி. புத்தகம் 1978 என்று சொல்லும். டேங்கில் இருக்கும் பெயர்ப்பட்டை 1990களுக்கு உரியது. ஹெட்லைட் போன தீபாவளிக்கு மாற்றியது. இதில் எது பொய் என்று கேட்டால், பெரும்பாலும் எதுவுமே முழுப் பொய் இல்லை. பழைய புல்லட் வாங்கப் போகிறவர்களை மண்டை காய வைப்பது அதுதான்.

மற்றப் பழைய வண்டிகளில் இவ்வளவு வில்லங்கம் கிடையாது. மைசூரில் செய்த ஜாவா, 1973 வாக்கில் யெஸ்டி ஆனது. டேங்கில் உள்ள பெயரே பாதி விடையைச் சொல்லிவிடும். புல்லட் அப்படி எளிதில் பிடிகொடுக்காததற்குக் காரணம் அது பிறந்த விதம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் தையல் ஊசிக்குப் பேர்போனது. அங்கிருந்த சைக்கிள் கம்பெனி ஒன்று, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த உறவை வைத்து 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. முத்திரையில் பீரங்கி வந்ததும் அந்த வழியில்தான். முதல் மோட்டார் சைக்கிளை 1901இல் செய்தார்கள். புல்லட் என்ற பெயரை 1932இல் வைத்தார்கள். ஆனால் நம் தெருக்களில் தடதடக்கிற வண்டி அந்த 1932 வண்டி இல்லை. உலகப் போர் முடிந்தபின், 1948இல் பந்தயங்களில் ஓட்டிக் காட்டி, 1949இல் விற்பனைக்கு வந்த 350 சி.சி. வண்டியின் வாரிசு இது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்தது அன்றைக்குப் பெரிய சங்கதி. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90; கணக்குப் போட்டால் 346 சி.சி. இந்த 70க்கு 90 என்ற அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயத்தில் சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச் வண்டிகளை வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லை ரோந்துக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. ராணுவமே வாங்குகிறது என்றால் எத்தனை காலம் கப்பலில் இறக்கிக்கொண்டிருப்பது? 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை போட்டார்கள். ஆரம்பத்தில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு பாகம் செய்யும் அச்சுகளும் கருவிகளுமே இங்கு வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகின.

முடிச்சு விழுந்த இடம் இதுதான். திருவொற்றியூருக்கு வந்த அச்சுகள் 1955ஆம் வருஷத்துப் புல்லட்டுக்கானவை. ரெட்டிச்சில் அதன் பிறகும் வண்டியை மாற்றிக்கொண்டே போய், 1960களின் தொடக்கத்தில் அந்த எஞ்சினையே கைவிட்டார்கள். 1970இல் இங்கிலாந்துக் கம்பெனியே இழுத்து மூடப்பட்டது. இங்கோ அச்சு அப்படியே இருந்தது. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாத காலம்; செய்கிற வண்டியை வாங்க ஆள் இருந்தது. அதே 70க்கு 90, அதே இரும்பு பேரல், தனி வார்ப்பாக எஞ்சினின் பின்னால் பூட்டிய நான்கு கியர் பெட்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஹெட்லைட்டின் இரு பக்கமும் மின்னும் சின்ன விளக்குகள்கூட 1954இல் ரெட்டிச்சில் வைத்தவை. கிராங்கேஸும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பான புது எஞ்சின் 2008க்குப் பிறகு வந்து பழைய எஞ்சினை ஓரங்கட்டும் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த வடிவம் ஓடியது.

விளைவு என்ன? 1965 சேசிஸில் 1985 எஞ்சினை உட்கார வைத்தால் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். மட்கார்டு, டேங்க், டூல் பாக்ஸ் எல்லாம் காலத்துக்குக் காலம் கைமாறும். சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் மூன்று வண்டியைப் பிரித்து ஒரு நல்ல வண்டி செய்வது ஏமாற்று வேலை அல்ல, சர்வீஸ். புல்லட் இத்தனை காலம் சாகாமல் இருப்பதும் அதனால்தான், அதன் வயது குழம்புவதும் அதனால்தான். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

ஆகவே டேங்கையும் விளக்கையும் பார்த்து வருஷம் சொல்கிறவரை நம்ப வேண்டாம். அந்த அடையாளங்கள் ஒரு வகையில்தான் உதவும்: சொன்ன கதையை உடைக்க. 12 வோல்ட் மின்சாரமும் மிக்கார்ப் கார்புரேட்டரும் இருக்கிற வண்டியை 'தொட்டதில்லை, பிரித்ததில்லை, அறுபத்தஞ்சு' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வரலாம். அந்தக் காலத்து வண்டிக்கு 6 வோல்ட்தான், கார்புரேட்டர் அமல். டேங்கில் பல காலம் 'என்ஃபீல்டு' மட்டும் இருந்தது. கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தபின் 1990களின் நடுவில்தான் 'ராயல்' திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

நிஜமான சாட்சி இரண்டு எண்கள். எஞ்சின் எண் கிராங்கேஸின் இடப்பக்கம், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே. சேசிஸ் எண் ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்துப் பகுதியில். இரண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினில் ஆயில் பிசுக்கு, கழுத்தில் ஐந்தாறு தடவை அடித்த பெயிண்ட். தின்னரில் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். மணல் காகிதம் வேண்டாம், எண்ணையும் சேர்த்துத் தின்றுவிடும். பெயிண்ட் இளகியதும் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும்பி வரும்.

அப்போது எண்ணைப் படிப்பதற்கு முன் எண் நிற்கிற தரையைப் பாருங்கள். சுற்றியுள்ள உலோகத்தைவிட அந்த இடம் மட்டும் பள்ளமாகவோ வழவழப்பாகவோ இருந்தால் அரம் போட்டிருக்கிறார்கள். எண்கள் ஒரே கோட்டில் நிற்காமல் கொஞ்சம் ஏறி இறங்கி இருப்பது தவறில்லை. ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனிப் பஞ்சால் சுத்தியலில் தட்டியது. ஆனால் ஒரு '3' தட்டை மூக்கோடும் இன்னொரு '3' உருண்டையாகவும் இருந்தால், ஒரு இலக்கத்தின் பின்னால் இன்னொன்றின் சாயை தெரிந்தால், அங்கே வேறு கை பட்டிருக்கிறது. சந்தேகம் தீர ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதையே செய்யலாம்: மேலே மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பது. கண் தவறவிட்டதைக் காகிதம் பிடித்துக்கொடுக்கும்.

பிறகு ஆர்.சி.யை எடுங்கள். அதில் இரண்டு வருஷங்கள் உண்டு: வண்டி செய்த வருஷம், பதிவான வருஷம். ராணுவம் ஏலத்தில் கழித்த வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே பல வருஷங்கள் இருக்கலாம். தொடக்கத்தில் சொன்ன அறுபத்தஞ்சு, 1978 முரண்பாடு பல சமயம் இப்படித்தான் வருகிறது. டேங்கின் உட்புறம், டூல் பாக்ஸின் மூலை, சீட்டுக்கு அடியில் எங்காவது கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே மங்கிய ராணுவப் பச்சை எட்டிப்பார்த்தால் அந்தக் கதைக்கு வலு கூடும். ராணுவ நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறிக்கு அடுத்துள்ள இரண்டு இலக்கங்கள் வாங்கிய வருஷத்தைக் குறிக்கும். அந்தப் பலகையின் பழைய போட்டோ ஒன்று விற்கிறவர் வீட்டில் கிடைத்தால் அதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். சிவில் எண் மூன்றெழுத்துப் பழைய வகையாக இருந்தால், 1988 மோட்டார் வாகனச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்து 'டி.என். 01' போன்ற எண்கள் வரும் முன்பே பதிவானது என்று அர்த்தம்.

ரெட்டிச்சில் செய்த வண்டி என்றால் வேலை சுலபம். அந்த ஆலையின் பழைய பேரேடுகளை அங்குள்ள உரிமையாளர் சங்கம் காப்பாற்றி வைத்திருக்கிறது. எண்ணை வைத்து வண்டி ஆலையை விட்டுப் போன விவரத்தைத் தேடலாம். நம் ஊர் வண்டிக்கு இரும்பும் ஆர்.சி.யும்தான் கதி.

எஞ்சின் எண் மட்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் பயந்துவிட வேண்டியதில்லை. எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். மாற்றத்துக்கு அனுமதியும் பதிவும் வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. எஞ்சின் வாங்கிய ரசீது இருந்தால் அலைந்தாவது சரிசெய்யலாம். சேசிஸ் எண்ணில் அரம் பட்டிருந்தால் மட்டும், அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அது திருட்டு வண்டியாக இல்லாமலே போகலாம். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

இந்த வருஷக் கணக்குக்கு இப்போது விலையும் கூடிவிட்டது. 2021இல் வந்த விதியின்படி 50 வயது தாண்டிய, பழைய வடிவம் மாறாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி வரிசையில் விண்டேஜ் பதிவு கிடைக்கும். பத்து வருஷம் செல்லும். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. அறுபத்தஞ்சு என்ற சொல்லுக்கு இப்போது வரும் ஆர்வத்தில் இதற்கும் பங்கு உண்டு. எனக்கென்னவோ, சேசிஸ் எண் பளிச்சென்று தெரிந்து ஆர்.சி.யோடு அட்சரம் பிசகாமல் பொருந்துகிற 1982 வண்டிக்குத்தான் கை பர்ஸுக்குப் போகும். எண் மங்கிய அறுபத்தஞ்சை, பாதி விலைக்கு என்றாலும், தினமும் ஓட்ட நினைக்கிற ஒருவர் வாங்கி என்ன செய்வார் என்று எனக்கு விளங்கவில்லை.