லெப்டின்

கொழுப்புத் திசு சுரந்து இரத்தத்தில் கலக்கும் புரத ஹார்மோன். 146 அமினோ அமிலங்கள் கொண்டது. மனிதரில் இதற்கான மரபணு 7ஆம் குரோமோசோமில் உள்ளது. கொழுப்பு இருப்பை மூளையின் ஹைப்போதலாமசுக்குத் தெரிவித்துப் பசியை அடக்குவது இதன் வேலை. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் தென்பட்ட, ஓயாமல் தின்று கொழுத்த சுண்டெலிகளில் பழுதாகியிருந்தது இந்த மரபணுவே என்று ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு 1994இல் கண்டறிந்தது. 1997இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதே குறைபாட்டை இரு குழந்தைகளிடம் கண்டனர்: பிறக்கும்போது இயல்பான எடை, சில மாதங்களில் தீராப் பசி. லெப்டின் ஊசி தொடர்ந்து போட, எடை இறங்கியது. எல்லோருக்குமான இளைப்பு மருந்து கிடைத்துவிட்டதென எழுந்த ஆரவாரம் மட்டும் நிலைக்கவில்லை. பருமனானோர் பெரும்பாலோரின் இரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதி. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கொழுப்புத் திசு அற்றுப்போகும் லிப்போடிஸ்ட்ரோபி நோய்க்கு இதன் செயற்கை வடிவம் மெட்ரிலெப்டின் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.