நாரங்கமும் நெஞ்சும்

மட்டாஞ்சேரி என்றால் நம்மவர்களுக்கு மிளகும் யூதத் தெருவும்தான் ஞாபகம் வரும். எனக்கு எலுமிச்சை. "எலுமிச்சைச் சாறு குடித்தால் மாரடைப்பே வராது, முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று வாரம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. அப்படி என்னதான் சொன்னார்கள் என்று தேடப் போய்க் கொச்சியில் நின்றேன்.

1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்களின் மலபார்த் தளபதியாக இருந்தவர் வான் ரீட். மலபார்ச் செடிகளை வரையவைத்து, பயனும் சேர்த்து, 'ஹோர்டூஸ் மலபாரிகூஸ்' என்று 12 தொகுதிகள் கொண்டுவந்தார் (ஆம்ஸ்டர்டாம், 1678-1693). விவரம் சொன்னவர்கள் ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும். 1675-ல் இவர்கள் எழுதிக்கொடுத்த சாட்சியம் முதல் தொகுதியில் இருக்கிறது. (கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயில் இன்றும் மட்டாஞ்சேரியில்தான்.) எலுமிச்சையின் காட்டுச் சொந்தங்கள் சில அதில் 'நாரகம்' என்ற பெயரோடு வருகின்றன.

சரி, இதயம்? அதற்கு ஆயுர்வேதத்துக்குப் போகவேண்டும். சரக சம்ஹிதை 'ஹ்ருத்யம்' என்று பத்துப் பொருள்களைச் சொல்கிறது. மா, இலந்தை, மாதுளையோடு மாதுலுங்கமும் உண்டு. மலையாளத்தில் கணபதி நாரங்ஙா என்பார்களே, தடித்த தோலுள்ள பெரிய பழம், அதுதான். பட்டியல் முழுக்கப் புளிப்பு சம்பந்தப்பட்டவை! மலையாளத்தில் இன்றும் ஹ்ருத்யமான பாட்டு என்றால் மனசுக்கு இனிய பாட்டு. நாக்குக்கு ருசி தருவது, மனசுக்குப் பிடித்தது என்ற அர்த்தமும் அந்தச் சொல்லில் இருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டது நம் காலத்து வேலை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பழம். டச்சுக்காரர் வாயில் பொம்பெல்மூஸ், நம் வாயில் பம்ளிமாஸ். இதன் வாரிசுதான் இங்கே கடைகளில் கிடைக்கும் கிரேப்ஃப்ரூட். 1989-ல், நான் இருக்கும் இதே ஒன்டாரியோவில், டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை ஆராய்ந்தார்கள். சோதனைக்குக் கொடுத்த சாராயத்தின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறிவிட்டது! மருந்தை உடைக்கும் ஒரு நொதியை இந்தச் சாறு குடலிலேயே முடக்கிவிடுகிறது. சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகளுக்கும் இதே கதை. பம்ளிமாஸிலும் அந்தச் சரக்கு உண்டு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், 'நெஞ்சுக்கு நல்லது' என்று இந்தப் பழங்களை உரித்துக் கொடுக்கும் முன் அவர்களுடைய மாத்திரை அட்டையை மருந்துக்கடைக்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர்கள் பெட்டியில் வந்த உப்பு நார்த்தங்காய்க்குத் தனிக் கணக்கு: பிரஷர்காரர்களுக்கு அதிலுள்ள உப்பே போதும், வினையை இழுக்க.