மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கிய மனிதநேய உதவி

மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கிய மனிதநேய உதவி என்பது போர், பேரிடர், இடப்பெயர்வு ஆகிய நெருக்கடிகளில் நிவாரணத்தைத் திட்டமிடுதல், ஒருங்கிணைத்தல், வழங்குதல், மதிப்பிடுதல் ஆகிய எல்லா நிலைகளிலும் மாற்றுத்திறனாளிகளின் சமபங்கேற்பை உறுதிசெய்யும் அணுகுமுறையாகும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ 16 விழுக்காட்டினர், குறிப்பிடத்தக்க உடற்குறைபாடோ உளக்குறைபாடோ உடையவர்கள்.

வகைப்பாடு: உதவி பெறுவதற்கான தடைகள் மனப்பான்மை, சுற்றுச்சூழல், நிறுவன நடைமுறை என மூவகைப்படும். படிக்கட்டு மட்டுமே உள்ள முகாம், ஒலிவழி மட்டும் தரப்படும் எச்சரிக்கை ஆகியவை சுற்றுச்சூழல் தடைகள். அணுகுமுறை இருவழிப்பட்டது: பொதுத் திட்டங்களை அனைவருக்கும் ஏற்றவையாக்குதல், சக்கர நாற்காலி, செவிக்கருவி போன்ற தனித் தேவைகளை நிறைவேற்றுதல்.

தரவு: மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுக்கப் பயன்படும், மாற்றுத்திறன் புள்ளியியலுக்கான வாஷிங்டன் குழுவின் குறுவினாத் தொகுப்பு பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவுகொள்ளல், தற்பராமரிப்பு, தொடர்பாடல் ஆகிய ஆறு செயற்பாடுகளில் உள்ள சிரமத்தைக் கேட்டறிகிறது.

வரலாறு: 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு இந்த அணுகுமுறைக்குச் சட்ட அடிப்படை. 2016இல் இஸ்தான்புல் உலக மனிதநேய உச்சிமாநாட்டில் இதற்கெனத் தனிச் சாசனம் வெளியிடப்பட்டது. 2019இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2475ஆம் தீர்மானமும், மனிதநேய உதவி முகமைகளுக்கிடையிலான நிலைக்குழுவின் வழிகாட்டு நெறிகளும் வந்தன. பயனுள்ள பங்கேற்பு, தடைநீக்கம், திறன் மேம்பாடு, மாற்றுத்திறன் வாரியாகப் பகுக்கப்பட்ட தரவு ஆகிய நான்கும் அந்நெறிகள் விதிக்கும் கட்டாயச் செயல்கள்.

இந்தியாவில்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 8ஆம் பிரிவு பேரிடர்களில் சமபாதுகாப்பை வழங்குகிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு பணிக்கிறது.