லயன் அறையும் இடையறா வசிப்பும்

கணவனும் மனைவியும் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்கின்றனர் என்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டிய நிலை இன்றைய விசா விண்ணப்பதாரர்க்கு மட்டும் உரியதன்று. இலங்கை மலையகத் தமிழர் அதனை 1949ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டனர்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி மரபைச் சான்றாகக் கேட்டமையால் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் எண் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. திறந்த வாயில் மிகக் குறுகியது. 1946 சனவரி 1க்கு முன் மணமாகாதவர் 10 ஆண்டும் மணமானவர் 7 ஆண்டும் இடையறாது வசித்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் விண்ணப்ப நாள்வரை வசிப்புத் தொடர வேண்டும். ஒருமுறை வெளியே தங்கிய காலம் 12 மாதத்தைக் கடந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். போதிய வருவாயும் காட்டப்பட வேண்டும்.

மணமானவர்க்கு மூன்றாண்டுச் சலுகை என்று மேலோட்டமாகப் படிப்போர் எண்ணலாம். உண்மையில் சலுகையோடு சுமையும் ஏறியது. மணமான ஆண் விண்ணப்பித்தால் அவன் மனைவியும் சார்ந்திருக்கும் இளம் பிள்ளைகளும் தீவிலேயே வசித்து வந்தமையை நிறுவ வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துத் தாய்வீட்டுக்குச் சென்றவள் குழந்தை தேறும்வரை தங்கிவிட்டால், உறவின் இயல்பான கடமை சட்டத்தின் கண்ணுக்கு வசிப்பின் முறிவாகத் தோன்றக்கூடும். கணவன் ஆண்டுக்கணக்கில் ஒரே மலையில் உழைத்திருந்தாலும் அது ஈடாகாது.

சான்றுகள் எவரிடம் இருந்தன என்பதே இதன் மையக் கேள்வி. செக்ரோலும் தோட்டப் பதிவேடுகளும் துரையின் அலுவலகத்தில் இருந்தன. குடும்பம் முழுவதும் உண்டு உறங்கிய, ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையும் தோட்டத்துக்கே சொந்தம். வாடகைச் சீட்டோ உறுதிப் பத்திரமோ தொழிலாளியின் கையில் இராது; வேலை போனால் அறையும் போகும். தன் வீட்டில் வாழ்ந்தேன் என்று சொல்வதற்கே முதலாளியின் எழுத்து தேவைப்பட்டது. (எழுத்தறிவு குறைந்த மக்கள் இவ்வளவு தாள்களைத் திரட்டியதே வியப்பு.) பெண்களும் கொழுந்து பறித்துப் பேர் பதிந்தவர்கள் என்பதால், கூலிக்கணக்கே அவர்கள் இருப்புக்குச் சாட்சியாகும் வாய்ப்பும் இருந்தது.

1951 ஆகஸ்டு 5 கடைசி நாள். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி வந்தன. நீண்ட விசாரணைகளின் முடிவில் குடியுரிமை பெற்றோர் 1,34,000 அளவினரே. விண்ணப்பித்தவருள் ஆறில் ஒருவர் என்ற இவ்விகிதம் சட்டத்தின் நோக்கத்தை அதன் முகவுரையைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

எஞ்சியோரின் கதியை 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீந்த 1,50,000 பேரை 1974இல் இருநாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே வீட்டில் பெற்றோர் ஒரு நாட்டுக்கும் மணமான பிள்ளைகள் மறுநாட்டுக்கும் உரியவராகும் பிரிவுகள் இதனால் நேர்ந்தன. முன்னர்ச் சேர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்கத் தவறியவர்கள், இப்போது சேர்ந்து செல்ல முடியாதவராயினர்.

திரும்பியோருள் ஒரு பகுதியினர் 1973 வரை மைசூர் மாநிலம் என வழங்கிய கர்நாடகத்தை அடைந்தனர். மைசூரிலிருந்து மடிக்கேரி வழியாக இறங்கும் சாலை சென்றடையும் சுள்ளியா, புத்தூர் வட்டங்களின் ரப்பர் தோட்டங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். அத்தோட்டங்கள் கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளன. தேயிலைக்குப் பதில் ரப்பர். லயன் அறைக்குப் பதில் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்பு.